பயந்த சுபாவமுள்ள மீட்பு நாய்: தத்துப் போகும் வரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் சொல்லுங்க

தூறல்:

வணக்கம். ஒரு மீட்புக் குழு கேட்டுக்கிட்டதால ஒரு பெண் நாயை ஃபாஸ்டருக்கு எடுத்திருக்கோம். பேர் மைனா. வயசு ஒன்றரை இருக்கும்னு சொன்னாங்க. நல்ல குடும்பம் கிடைக்கிற வரைக்கும் எங்க வீட்டில்தான்.

வந்ததில் இருந்து சோபாவுக்குப் பின்னாடி சுவரை ஒட்டியே படுத்திருக்கா. நாங்க அந்த ரூமுக்குள்ள போனாலே அப்படியே உறைஞ்சு போயிடறா. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு ஓரக்கண்ணால பார்க்கிறா, கண்ணோட வெள்ளை பிறை மாதிரி தெரியுது. உறுமறதில்ல, கடிக்கவும் வரல. நாங்க இருக்கும்போது தட்டைத் தொடமாட்டா. விளக்கை அணைச்சுப் படுத்த பிறகு தரையில நகம் படற சத்தம் கேட்கும். காலையில பார்த்தா தட்டு காலியா இருக்கும்.

பக்கத்துல போய் உட்காரலாமா? தடவிக் கொடுக்கலாமா? வெளியே கொண்டு வரணுமா, விட்டுடணுமா? போட்டோவைப் பார்த்துட்டு ரெண்டு பேர் ஏற்கனவே தத்தெடுக்கக் கேட்டிருக்காங்க, இந்த நிலைமையில அவளைக் காட்டலாமா? எல்லாத்துக்கும் மேல ஒரு கேள்வி எனக்குத் தூக்கத்தைக் கெடுக்குது. எங்களை நம்ப ஆரம்பிச்ச பிறகு வேற வீட்டுக்கு அனுப்பினா அது அவளுக்குச் செய்யற துரோகம் ஆகாதா?

காற்றாடி:

எங்க சொந்தக்காரங்க வீட்டிலயும் இப்படி ஒண்ணு வந்துச்சு. தூக்கி மடியில வெச்சுக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் திமிறுச்சு, அப்புறம் அடங்கி அப்படியே படுத்துக்கிச்சு. ஒளிஞ்சுக்க விட்டா அதுவே பழக்கமாயிடும். வெளியே எடுத்துடுங்க.

ஆலமரம்:

தூறல், மைனா ராத்திரி எழுந்து சாப்பிடறா, வீட்டை மோந்து பார்த்துக்கிட்டு நடக்கிறா. இது நல்ல ஆரம்பம். வந்த புதுசுல தட்டையே திரும்பிப் பார்க்காத நாய்ங்களை நான் வெச்சுப் பார்த்திருக்கேன்.

காற்றாடி தம்பி, அக்கறையிலதான் சொல்றீங்கன்னு தெரியுது. ஆனா தூறல், தயவுசெஞ்சு அவளைத் தூக்காதீங்க. சோபா பின்னாடி இருக்கிற இடம் அவளுக்கு அரண். அதை அடைச்சா கட்டிலுக்கு அடியில போவா, அங்கிருந்தும் இழுத்தா உறுமக் கத்துக்குவா. அதைவிட நல்ல அரணா ஒண்ணு செஞ்சு கொடுங்க. ரூம் மூலையில ஒரு கிரேட் (நாய் படுக்கிற கூண்டு), மேலேயும் மூணு பக்கமும் போர்வை, கதவு எப்பவும் திறந்தே. உள்ளே இருக்கும்போது யாரும் கை நீட்டக்கூடாது. வீட்டுக்கு வர்ற குழந்தைங்களுக்கும் இதைச் சொல்லி வைங்க.

நீங்க அந்த ரூமுக்குத் தாராளமாப் போங்க, ஆனா அவளைப் பார்க்கறதுக்குன்னு போகாதீங்க. பக்கவாட்டாத் திரும்பித் தரையில உட்கார்ந்து ஏதாவது படிங்க, மெல்லிய குரல்ல போன் பேசுங்க. எழுந்திருக்கும்போது ரொம்ப நிதானமா எழுந்திருங்க. உட்கார்ந்திருக்கிற ஆளைப் பழகிக்கிட்ட நாய், அதே ஆள் எழுந்து நின்னதும் யாரோ புதுசா வந்துட்ட மாதிரி மிரளும்.

தீனி கொடுக்கறதுதான் ரொம்ப முக்கியம். எல்லோரும் கையில வெச்சுக்கிட்டு "வா வா"ன்னு கூப்பிடுவாங்க. பசி முன்னாடி இழுக்கும், பயம் பின்னாடி இழுக்கும். பின்னங்கால் ரெண்டும் ஓடத் தயாராப் பின்னாலயே ஊன்றியிருக்க, கழுத்தை மட்டும் நீட்டி எட்டிக் கவ்வும். வாயில விழுந்த பிறகுதான் மனுஷனுக்கு இவ்வளவு பக்கத்துல வந்துட்டோம்னு உறைக்கும். சில நாய் அந்த நொடியில பதறிக் கடிச்சுடும். அதனால துண்டை அவளைத் தாண்டிப் பின்னாடி விழற மாதிரி போடுங்க. உங்ககிட்ட இருந்து விலகிப் போய் அவ எடுக்கட்டும். விலகினதில நிம்மதி, மேல தீனி வேற. அப்புறம் அவளே திரும்பிப் பார்ப்பா, ஒரு அடி முன்னாடி வருவா. மறுபடி பின்னாடியே போடுங்க. வர்றதும் போறதும் அவ இஷ்டம்னு புரிஞ்சதும் தூரம் தானாக் குறையும்.

கேட்டவங்ககிட்ட உண்மையைச் சொல்லுங்க: "இப்போ காட்ட முடியாது, பொறுத்திருக்க முடியும்னா பேசுவோம்." காத்திருக்க மனசில்லாதவங்க இப்பவே விலகினா நல்லது. துரோகம்னு கேட்டீங்களே, அது பெரிய விஷயம். அவ கொஞ்சம் வெளியே வரட்டும், பேசலாம்.

பனித்துளி:

நான் ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். "அடங்கிவிடும்" என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

1967இல் உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எந்த வகையிலும் தப்ப முடியாதபடி மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களைப் பிறகு வேறொரு பெட்டிக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு தடுப்பைத் தாண்டிக் குதித்தால் போதும், அதிர்ச்சியிலிருந்து தப்பலாம். ஆனாலும் அவற்றில் பெரும்பாலானவை முயன்றுகூடப் பார்க்காமல் படுத்தே கிடந்தன. படிக்கவே மனம் கனக்கிற சோதனை. மடியில் இறுக்கிப் பிடிக்கப்பட்ட பயந்த நாய் திமிறுவதை நிறுத்தும்போது அது நிம்மதி அடைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. வாய் இறுக மூடியிருக்கிறதா, உடம்பு கட்டையாக இருக்கிறதா, எதிரே வைத்த தீனியை மோந்துகூடப் பார்க்கவில்லையா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் அது கைவிட்டுவிட்டது.

பலருக்குத் தெரியாத பின்கதை ஒன்று உண்டு. 2016இல் அதே இருவரும், இடையில் நடந்த மூளை ஆய்வுகளை வைத்து, "என்ன செய்தாலும் பயனில்லை என்று நாய்கள் கற்றுக்கொண்டன" என்ற தங்கள் பழைய விளக்கத்தைத் தலைகீழாக மாற்றினார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப் போவது உடலின் இயல்பான எதிர்வினை. அதை யாரும் கற்கத் தேவையில்லை. மூளை கற்றுக்கொள்வது "நான் ஒன்று செய்தால் நிலைமை மாறும்" என்பதை. மைனா முகத்தைத் திருப்பினால் நீங்கள் கையை இழுத்துக்கொள்கிறீர்கள், எழுந்து போனால் பின்தொடராமல் இருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் அவள் கற்பது அதைத்தான். நாளைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் அது அவளோடு போகும்.

மருத்துவப் பரிசோதனையையும் தள்ளிப்போட வேண்டாம். காது, பல், மூட்டு வலியெல்லாம் பயம் போலவே வெளியே தெரியும். மருத்துவமனை வருகையே அவளுக்குப் பேரச்சமாக இருக்கும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும் முன் கொடுக்க காபாபென்டின், டிராசடோன் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்துகளை மருத்துவர் பார்த்து எழுதித் தருவார். ஏசிபுரோமசின் மட்டும் தனியாகக் கொடுப்பதாக இருந்தால் கேள்வி கேளுங்கள். அது உடலை அசையவிடாமல் செய்யும், உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

காற்றாடி:

இவ்வளவு விவரம் எனக்குத் தெரியாது, நன்றி. ஒரு சந்தேகம். பயப்படும்போது தட்டிக் கொடுத்தா, பயந்ததுக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆயிடும்னு சொல்றாங்களே?

பனித்துளி:

இல்லை. உட்கார், கை கொடு மாதிரி செயல்களைப் பரிசு வளர்க்கும். பயம் ஒரு உணர்ச்சி. ஆறுதல் கிடைத்ததால் அது கூடுவதில்லை. இடி இடிக்கும்போது அவளாகவே உங்களிடம் வந்து ஒட்டினால் தாராளமாகத் தடவுங்கள். உங்கள் தொடுகையே பயமாக இருக்கும் நாயைத் தொடுவதுதான் ஆறுதல் ஆகாது.

தூறல்:

எல்லோருக்கும் நன்றி. சொல்ல நல்ல சேதி இருக்கு.

தீனியைப் பின்னாடி போடற முறை அற்புதமா வேலை செஞ்சது. முதல்ல நான் ரூமை விட்டு வெளியே போனாத்தான் எடுத்தா. அப்புறம் நான் இருக்கும்போதே எடுத்தா. நேத்து நான் படிச்சுக்கிட்டு இருந்தப்போ முழங்கையில ஈரமா ஏதோ பட்டுச்சு. திரும்பாம அப்படியே இருந்தேன். மைனாதான், மோந்து பார்த்துட்டுப் போனா. இன்னிக்குப் பக்கத்துல வந்து படுத்தா. ஆலமரம் அக்கா, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

ஆனா என் வீட்டுக்காரர் உள்ளே வந்தா மறுபடி கிரேட்டுக்குள்ள ஓடிடறா. அவர் பாவம், சத்தமாக்கூடப் பேசாத மனுஷன். நான் இல்லாம சாப்பிட மாட்டேங்கறா, நான் குளிக்கப் போனா கதவுக்கு வெளியே நிக்கறா. அடுத்து என்ன செய்யறது? இன்னும் வீட்டை விட்டு வெளியே கூட்டிட்டுப் போகல. பேப்பர் விரிச்சுத்தான் சமாளிக்கிறோம்.

ஆலமரம்:

கேட்கவே சந்தோஷமா இருக்கு. இனிமேதான் ஃபாஸ்டர் வேலையோட முக்கியமான பாதி. பயந்த நாய் ஒரே ஒரு ஆளைப் பிடிச்சுக்கிட்டா அது அன்புதான், சந்தேகமே இல்ல. ஆனா உங்களை மட்டும் நம்பற மைனாவைத் தத்துக் கொடுத்தா, அந்த வீட்டில மறுபடி சோபா பின்னாடிதான் போவா. உங்க ஒருத்தரோட அவ நம்பிக்கை நின்னுடக் கூடாது. மனுஷங்க பொதுவாப் பரவாயில்லைன்னு அவளுக்குத் தோணணும். துரோகம்னு நீங்க கேட்டதுக்கு நான் சொல்ல வந்த பதில் இதுதான். அவளைத் தயார்ப்படுத்தாம அனுப்பினாத்தான் அது தப்பு.

பயத்தை இப்படி மாத்தற முறை ரொம்பப் பழசு. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ்ங்கிற உளவியலாளர், முயலைக் கண்டா அலறின ஒரு சின்னப் பையனைப் பத்தி எழுதினாங்க. அவனுக்குப் பிடிச்சதைச் சாப்பிடக் கொடுத்துட்டு, கூண்டில இருந்த முயலைத் தூரத்தில வெச்சாங்க. அவன் நிம்மதியாச் சாப்பிடற அளவு தூரம். கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட கொண்டு வந்தாங்க. கடைசியில அவனே முயலைத் தடவினான். மைனாவுக்கு உங்க வீட்டுக்காரர்தான் அந்த முயல். அவர் வாசப்படியில தோன்றினதும் அவளுக்கு ரொம்பப் பிடிச்ச தீனி விழட்டும், அவர் போனதும் நிக்கட்டும். வரிசை மாறக்கூடாது: முதல்ல அவர், பிறகு தீனி. தீனியை முதல்ல எடுத்தீங்கன்னா தீனியைக் கண்டாலே யாரோ வரப்போறாங்கன்னு பயப்படக் கத்துக்குவா.

அப்புறம் தட்டு வைக்கற வேலை முழுசும் அவருக்குப் போகட்டும், நீங்க வேற ரூம்ல இருங்க. அவ தீனியை எடுக்காம விட்டா தூரம் போதலைன்னு அர்த்தம், பின்வாங்குங்க. அவர் பழகினதும் நாற்காலியில சும்மா உட்கார்ந்துட்டுப் போற ஒரு தோழி, கண்ணாடி போட்ட ஒருத்தர், தொப்பி போட்ட ஒருத்தர்னு வரட்டும். ஒரு நேரத்துல ஒருத்தர் போதும். யாரும் அவளைப் பார்த்துக் கை நீட்டாம, தீனி போட்டுட்டுக் கிளம்பட்டும். அவளைக் கதவுக்கு வெளியே நிக்க விடாம, நீங்க குளிக்கப் போகும்போது மெல்லறதுக்கு ஏதாவது கொடுத்துட்டுப் போங்க. உங்க பிரிவு சின்னச் சின்ன அளவில பழகணும்.

தடவறதைப் பத்தி ஒண்ணு. தலைக்கு மேல கை போக வேண்டாம். தாடைக்குக் கீழேயோ நெஞ்சுப் பக்கமோ ரெண்டு மூணு விநாடி தடவிட்டுக் கையை எடுத்துடுங்க. அவ சாஞ்சு வந்தா தொடருங்க. உதட்டை நக்கினா, கொட்டாவி விட்டா, முகத்தைத் திருப்பினா போதும்ங்கறா. இந்த மாதிரிச் சின்ன சைகைகளை வருஷக்கணக்காக் கவனிச்சு உலகத்துக்கே எடுத்துச் சொன்னவங்க நார்வே நாட்டுப் பயிற்சியாளர் டூரிட் ருகாஸ். நாய் நம்மகிட்ட நாள் முழுக்கப் பேசிக்கிட்டுத்தான் இருக்கு.

வழித்துணை:

வெளியே கூட்டிட்டுப் போறதைப் பத்திப் பேச்சு வந்ததால எழுதறேன். தொலைஞ்ச நாய்களைத் தேடற தன்னார்வலர் நான். நாங்க தேடிப் போற நாய்களில் பெரும்பகுதி, புது வீட்டுக்கு வந்த புதுசிலேயே ஓடினவை. இதைப் படிக்கிற ஒவ்வொரு ஃபாஸ்டர் குடும்பமும் இந்தப் பகுதியை ரெண்டு தடவை படிக்கணும்னு கேட்டுக்கறேன்.

சாதாரண காலரை மட்டும் நம்பாதீங்க. மிரண்ட நாய் முன்னாடி ஓடாது, உங்களைப் பார்த்தபடியே பின்னாடி இழுக்கும். அப்போ காலர் தலை வழியாக் கழன்டு கையில வந்துடும். மார்ட்டிங்கேல் காலர் இழுக்கும்போது ஓரளவு இறுகும், தலை வழியாச் சுலபமாக் கழலாது. கூடவே ஹார்னஸ், அதாவது நெஞ்சையும் உடம்பையும் சுத்திக் கட்டற பட்டை. ரெண்டு பட்டை உள்ளதை விட, விலாவுக்குப் பின்னால இடுப்பைச் சுத்தி மூணாவது பட்டை இருக்கிறது பாதுகாப்பு. நெஞ்சு அகலமா, இடுப்பு ஒடுங்கலா இருக்கிறதால அந்தப் பட்டை முன்னாடி நகர முடியாது. காலருக்கு ஒரு லீஷ் (கையில பிடிக்கிற வார்), ஹார்னஸுக்கு ஒரு லீஷ். ஒண்ணை உங்க இடுப்பில மாட்டிக்கோங்க.

இழுத்தா நீளற சுருள் லீஷ் வேண்டவே வேண்டாம். கை நழுவினா அந்தப் பிளாஸ்டிக் பிடி தடதடன்னு தரையில அடிச்சுக்கிட்டே பின்னாடி வரும். நாய் அதுக்குப் பயந்து இன்னும் வேகமா ஓடும், நிக்கவே நிக்காது.

எப்பவும் அவளுக்கும் தெருவுக்கும் நடுவுல ரெண்டு கதவு இருக்கணும். வாசல் மணி அடிச்சா முதல்ல அவ இருக்கிற ரூம் கதவைச் சாத்துங்க, அப்புறம் வாசலைத் திறங்க.

அப்படியும் ஓடிட்டா துரத்தாதீங்க, பேர் சொல்லிக் கத்தாதீங்க. பயத்தில ஓடற நாய்க்கு உங்க குரலும் துரத்தற சத்தம்தான். கண்ணில பட்டா அப்படியே தரையில உட்கார்ந்து, பக்கவாட்டாத் திரும்பி, தீனியைப் போடுங்க. காணலைன்னா ஓடின இடத்துல அவ படுத்த போர்வையையும் சாப்பாட்டையும் வெச்சுட்டு விலகி வாங்க. ஒரு கேமரா வைங்க. பயந்த நாய் பல நேரம் ஊர் அடங்கினதும் அதே இடத்துக்கு வந்து பார்க்கும். ஒட்டற நோட்டீஸில் "துரத்தாதீர்கள், கூப்பிடாதீர்கள், பார்த்த இடத்தை மட்டும் சொல்லுங்கள்"னு பெரிய எழுத்துல போடுங்க. ஊரே சேர்ந்து தேடறேன்னு கிளம்பினா நாய் இன்னும் தூரம் போயிடும்.

தோலுக்கு அடியில வைக்கிற அடையாள மைக்ரோசிப் இருந்தா அதில யார் நம்பர் பதிவாகியிருக்குன்னு இன்னிக்கே பாருங்க. தத்துக் கொடுக்கிற அன்னிக்கே புதுக் குடும்பத்தோட நம்பருக்கு மாத்துங்க.

நெல்லி:

நான் மறுபக்கத்தில் இருப்பவள். ஃபாஸ்டர் வீட்டிலிருந்து இப்படியொரு நாயைத் தத்தெடுத்தவள். அவன் இப்போது என் காலடியில் படுத்திருக்கிறான்.

தூறல், தத்து அறிவிப்பு எழுதும்போது "கொஞ்சம் கூச்சம், அன்பைக் கொடுத்தால் சரியாகிவிடுவாள்" என்று எழுதாதீர்கள். அதைப் படித்து வருகிறவர் முதல் நாளே கட்டிப்பிடிக்க வருவார். எங்களுக்குக் கிடைத்த குறிப்பு இப்படி இருந்தது: ஆண்கள் எழுந்து நின்றால் விலகுவான், உட்கார்ந்தால் வருவான். துடைப்பத்தைக் கண்டால் ஒளிவான். மழைநீர் தேங்கும் இடத்தில் நடக்க மாட்டான். பந்து தெரியாது, துணி இழுப்பது பிடிக்கும். பயந்தால் தீனி எடுக்க மாட்டான், எடுக்க ஆரம்பித்தால் பயம் இறங்குகிறது என்று அர்த்தம். அந்தக் காகிதம் இன்னும் எங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. அது இல்லாமல் போயிருந்தால் அதையெல்லாம் நாங்கள் அவனைப் பயமுறுத்திப் பயமுறுத்தித்தான் கண்டுபிடித்திருப்போம்.

நீங்கள் சொல்லும் சொற்களையும் எழுதிக் கொடுங்கள். "வா"வா, "இங்க வா"வா? சாப்பாட்டுக்கு முன் என்ன சொல்வீர்கள்? வீடு மாறும்போது மணம், சத்தம், முகம் எல்லாமே மாறிவிடுகிறது. அந்த நான்கைந்து சொற்கள் மட்டும் மாறாமல் கூடவே வந்தன.

துரோகம் என்று கேட்டிருந்தீர்கள். அவன் முதல் வாரம் வாசல் பக்கமே படுத்திருந்தான். மறைக்க மாட்டேன், பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் மனிதர்களோடு எப்படி வாழ்வது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பினான், நாங்கள் விலகினோம், மறுபடி வந்தான். அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஃபாஸ்டர் வீட்டு அம்மா. அவர் கொடுக்காமலே வைத்துக்கொண்டிருந்தால் எங்களுக்கு அவன் கிடைத்திருக்க மாட்டான், அவர் வீட்டில் அடுத்த நாய்க்கு இடமும் இருந்திருக்காது.

பனித்துளி:

மீட்புக் குழுக்களில் "3 நாள், 3 வாரம், 3 மாதம்" என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: திகைப்பு அடங்க, வழக்கம் பிடிபட, வீடு என்று உணர. அது அனுபவத்தில் வந்த கைக்கணக்கு. நாய்க்குட்டிகள் மனிதர்களையும் உலகத்தையும் எளிதாக ஏற்கும் பருவம் ஏறத்தாழ 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரைதான். அந்தப் பருவத்தில் மனித வாடையே படாமல் வளர்ந்த நாய்க்கு 3 மாதம் போதாமல் போகலாம். தத்தெடுப்பவரிடம் அந்தக் கணக்கை வாக்குறுதியாகச் சொல்லிவிட வேண்டாம்.

தூறல்:

நெல்லி, உங்க பதிவைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மனசுல இருந்த பாரம் இறங்கின மாதிரி இருக்கு.

இப்போ நிலைமை இது. என் வீட்டுக்காரர் கையிலேயே மைனா சாப்பிடறா. அவர் வேலை முடிஞ்சு வந்தா கிரேட்டுக்குள்ள இருந்து எட்டிப் பார்த்து, வாலோட நுனி மட்டும் ரெண்டு ஆட்டு ஆட்டறா. ரெண்டு லீஷ் மாட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாப் பார்த்து வாசல் வரைக்கும் போயிட்டு வர்றோம். நெல்லி சொன்ன மாதிரியே அறிவிப்பை எழுதினேன். முதல்ல கேட்டவங்கள்ல ஒருத்தர் விலகிட்டார். இன்னொருத்தர், தனியா வாழற ஒரு அம்மா, முழுசும் படிச்சுட்டு "நான் வந்து தரையில உட்கார்ந்துட்டுப் போகலாமா"ன்னு கேட்டாங்க. வந்தாங்க, உட்கார்ந்தாங்க, மைனாவைப் பார்க்கவே இல்ல. ரெண்டாவது தடவை வந்தப்போ மைனா அவங்க பையை மோந்து பார்த்தா. அவங்கதான்னு முடிவு பண்ணிட்டோம்.

ஒப்படைக்கிற அன்னிக்கு எப்படிச் செய்யணும்? நாங்க கூடப் போகலாமா? அப்புறம் போய்ப் பார்க்கலாமா?

ஆலமரம்:

ரொம்பச் சந்தோஷம் தூறல். அந்த அம்மா இன்னும் ரெண்டு மூணு தடவை வரட்டும். அடுத்த தடவை தட்டை அவங்க வைக்கட்டும், அதுக்கடுத்து லீஷை அவங்க பிடிக்கட்டும், ரெண்டாவது லீஷ் உங்க கையில இருக்கட்டும். அவங்க போர்த்திக்கிற துணி ஒண்ணை வாங்கி இப்பவே கிரேட்டுக்குள்ள போட்டு வைங்க.

ஒப்படைக்கிறதைக் காலையிலேயே வெச்சுக்கோங்க, ராத்திரி வர்றதுக்குள்ள புது வீட்டைப் பகல்லயே மோந்து பார்த்துக்குவா. நீங்களே கொண்டுபோய் விடுங்க, கிரேட்டை அந்த வீட்டு அமைதியான ரூம்ல வெச்சு, அவ உள்ளே போய்ப் படுத்ததும் கிளம்பிடுங்க. வாசல்ல நின்னு அழுது விடைபெற வேண்டாம், அதை வண்டிக்கு வந்து வெச்சுக்கலாம்.

உடனே போய்ப் பார்க்காதீங்க. அவ அந்த அம்மாவோட ஒட்டற வரைக்கும் போன்ல விசாரிங்க, வீடியோ அனுப்பச் சொல்லுங்க. சரிப்படலைன்னா எப்ப வேணாலும் எங்க வீட்டுக்கே திரும்பி வரலாம்னு அந்த அம்மாகிட்ட வாய்விட்டுச் சொல்லிடுங்க. அது தெரிஞ்சா அவங்களும் பதறாம இருப்பாங்க.

நெல்லி:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அவள் படுக்கும் போர்வையைத் துவைக்காமல் கொடுங்கள். இப்போது சாப்பிடும் அதே தீனியில் ஒரு வாரத்துக்கானதைக் கூடவே அனுப்புங்கள். புதுவீட்டுப் பதற்றத்தோடு சாப்பாடும் மாறினால் வயிற்றுப்போக்கு வரலாம்.

வழித்துணை:

அந்த அம்மா ஆசையாப் புது ஹார்னஸ் வாங்கி வெச்சிருந்தாலும், அன்னிக்கு அதை மாட்ட வேண்டாம். பழகின ஹார்னஸ், காலர், ரெண்டு லீஷ் எல்லாம் மாட்டினபடியே கொடுங்க. வண்டிக் கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு லீஷும் கையில இருக்கான்னு பார்த்துக்கோங்க.